தொப்பி செய்த கைகள்

 

பரிசளிப்பு விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டபோது, "சோழர் கடாரம் கொண்ட கதையை எழுதட்டுமா?" என்றேன். "அது போன வருஷமும் வந்தது, அதற்கு முந்தின வருஷமும் வந்தது. நம்ம ஜனங்க தெரிஞ்சிக்காத ஒண்ணா எழுதுங்க" என்று சொல்லிவிட்டார். யோசித்துப் பார்த்தேன். தொப்பியைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். அவர் சிரித்தார். நீங்களும் சிரிக்கலாம். ஆனால் முடிவு வரைக்கும் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

நான் லயத்தில் பிறந்து வளர்ந்தவன். என் தகப்பனார் விடியற்காலைப் பெரட்டுக்குப் போகும்போது தலையில் ஒரு பழைய துண்டை முண்டாசாகக் கட்டி, அதன்மேல் விளக்கை மாட்டிக்கொள்வார். அம்மா ஒரு பூப்போட்ட துணியை முக்காடாகச் சுற்றிக்கொள்வார். துரையின் தலையிலோ தொப்பி இருக்கும். அந்தக் காலத்தில் ஒருவருடைய தலையைப் பார்த்தே அவர் யார், என்ன வேலை என்று சொல்லிவிடலாம். முகத்தைப் பார்க்கவே வேண்டாம்!

துரைமார் போட்ட தொப்பிகள் இரண்டு வகை. ஒன்று சோலா தொப்பி. அது குளங்களிலும் சதுப்பு நிலத்திலும் வளரும் ஒரு செடியின் தண்டுக்குள் இருக்கும் வெள்ளைச் சோற்றினால் ஆனது. தமிழில் அந்தச் செடிக்கு நெட்டி என்று பெயர். தஞ்சாவூர்ப் பக்கத்தில் நெட்டியிலே கோயில் உருவங்களும் மாலைகளும் செய்வார்களே, அதே நெட்டிதான். மற்றொன்று "டெராய்" என்னும் அகன்ற விளிம்புத் தொப்பி. வெயில் இறங்காதபடி ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு வைத்தும் அதைச் செய்வார்கள். அது ஃபெல்ட் என்னும் பொருளினால் ஆனது. இந்த ஃபெல்ட் தொப்பியின் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன். ஏனென்றால் இது துரைமாரின் கதை அல்ல. அதைச் செய்த தொழிலாளிகளின் கதை.

ஃபெல்ட் என்றால் என்ன?

பருத்தித் துணிக்கு நூல் நூற்க வேண்டும், தறியில் நெய்ய வேண்டும். ஃபெல்ட்டுக்கு நூலும் வேண்டாம், தறியும் வேண்டாம். ஆட்டு ரோமத்தைப் பரப்பி, வெந்நீர் தெளித்து, சோப்பு போட்டு, அழுத்தித் தேய்த்தால் அது தானாகவே ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு கெட்டியான தகடு போல ஆகிவிடும்.

எப்படி? ரோமத்தின் ஒவ்வோர் இழையின் மேலும் மீன் செதில் போல நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது. வெந்நீர் பட்டால் செதில்கள் விரியும். தேய்க்கும்போது இழைகள் ஒரே திசையில் நகர்ந்து நகர்ந்து ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொள்ளும். செதில் இருப்பதால் முன்னே போன இழை பின்னே திரும்ப முடியாது. ஆகவே பிரிக்கவும் முடியாது.

கேமரன் மலைக்குச் சுற்றுலா போய்க் கம்பளிச் சட்டை வாங்கிவந்த தாய்மார்களுக்கு இது புரியும். ஆசையாக வாங்கிய சட்டையை வெந்நீரில் போட்டுக் கும்மினால் என்ன ஆகும்? அப்பா சட்டை தம்பி சட்டை ஆகிவிடும்! அந்தச் சுருக்கம்தான் ஃபெல்ட். நமக்கு நஷ்டம், தொப்பிக்காரனுக்கு அதுவே தொழில்.

பழமையிலும் பழமை

இந்தத் தொழிலின் வயதைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். சைபீரியாவின் தெற்கே அல்தாய் மலையில் பாசிரிக் என்னும் இடத்தில் பழங்காலக் கல்லறைகள் இருக்கின்றன. ருஷ்ய ஆராய்ச்சியாளர் செர்கேய் ருதென்கோ 1920களின் இறுதியிலும் மறுபடி 1940களின் இறுதியிலும் அவற்றைத் தோண்டினார். உள்ளே போன தண்ணீர் பனிக்கட்டியாய் உறைந்து கிடந்ததால், சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முற்பட்ட பொருள்கள் மக்காமல் அப்படியே இருந்தன. ஃபெல்ட் திரைகள், ஃபெல்ட்டில் செய்து உள்ளே திணிப்பு வைத்த அன்னப் பறவைகள், தலையணிகள் எல்லாம் கிடைத்தன. இன்று அவை செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்து ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

மங்கோலிய மக்களின் வட்டமான கூடாரத்துக்கும் ஃபெல்ட்தான் சுவர், ஃபெல்ட்தான் கூரை. அவர்கள் அதைச் செய்யும் விதத்தைக் கேளுங்கள். பழைய ஃபெல்ட் ஒன்றைத் தரையில் விரித்து, அதன்மேல் புது ரோமத்தைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ஒரு கழியில் இறுக்கமாகச் சுருட்டி, குதிரையில் கட்டிப் புல்வெளியில் இழுத்துப் போவார்கள். உருண்டு உருண்டு புது ஃபெல்ட் பிறக்கும். பழையதற்குத் தாய் ஃபெல்ட் என்றும் புதியதற்கு மகள் ஃபெல்ட் என்றும் பெயர். எவ்வளவு அழகான பேச்சு பாருங்கள்! அடுத்த முறை அந்த மகளே தாயாகிவிடும்.

கிர்கிஸ் நாட்டில் ஆண்கள் அணியும் உயரமான வெள்ளைத் தொப்பிக்கு "அக்-கல்பாக்" என்று பெயர். அதைச் செய்யும் கலையை 2019ல் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. நம்மவர்கள் துருக்கித் தொப்பி என்று சொல்வார்களே, அந்தச் சிவப்புத் தொப்பியும் கம்பளி ஃபெல்ட்தான். துருக்கியில் 19ஆம் நூற்றாண்டில் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் அதைக் கட்டாயமாக்கினார். 1925ல் முஸ்தபா கமால் சட்டம் போட்டு அதை ஒழித்தார். போடு என்றும் சட்டம், போடாதே என்றும் சட்டம்!

ரோமாபுரியில் ஃபெல்ட் குல்லாய்க்கு வேறொரு பொருள் இருந்தது. அடிமையாய் இருந்த ஒருவனை விடுதலை செய்யும்போது அவன் தலையை மழித்து, "பிலியஸ்" என்னும் ஃபெல்ட் குல்லாயைச் சூட்டுவார்கள். அந்தக் குல்லாய் தலையில் ஏறினால் இனி அவன் யாருக்கும் அடிமை இல்லை என்று அர்த்தம். கி.மு. 44ல் ஜூலியஸ் சீசரைக் கொன்ற புரூட்டஸ் பின்பு வெளியிட்ட நாணயத்தில் இரண்டு கத்திகளுக்கு நடுவே இந்தக் குல்லாயைப் பொறித்தான். ஊருக்கு விடுதலை வாங்கித் தந்தோம் என்று சொல்லிக்கொள்ள அவனுக்குக் கிடைத்த அடையாளம் தொழிலாளி செய்த ஒரு கம்பளிக் குல்லாய். கி.பி. 79ல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெய் நகரத்தில், ஒரு கடையின் முகப்புச் சுவரில் ஃபெல்ட் செய்யும் தொழிலாளிகள் வேலை செய்யும் ஓவியம் இன்றும் இருக்கிறது.

ஐரோப்பியத் தொப்பித் தொழிலாளிகள் கிளெமென்ட் என்ற துறவியைத் தங்கள் காவலராகக் கொண்டாடினார்கள். அவர் நெடுந்தூரம் நடந்தபோது கால் வலிக்காமல் இருக்கச் செருப்புக்குள் கம்பளி வைத்தாராம். கால் வியர்வையும் மிதியும் சேர்ந்து அது ஃபெல்ட் ஆகிவிட்டதாம். இது கதைதான். ஆனாலும் தொழில் இரகசியம் முழுவதும் அதில் இருக்கிறது: ஈரம், சூடு, அழுத்தம்.

பீவரும் முயலும்

பதினாறாம் நூற்றாண்டிலிருந்து ஐரோப்பியச் செல்வந்தர்கள் கம்பளித் தொப்பியை விட்டு, பீவர் என்னும் நீர்வாழ் விலங்கின் மெல்லிய உள்ரோமத்தில் செய்த தொப்பியைக் கேட்கத் தொடங்கினார்கள். அது மழையில் தளராது, வெகு காலம் உழைக்கும். ஐரோப்பாவில் பீவர் அருகிப்போகவே வியாபாரிகள் வட அமெரிக்காவுக்குப் போனார்கள். 1670ல் இங்கிலாந்து அரசர் சாசனம் கொடுத்து ஹட்சன் விரிகுடாக் கம்பெனி தொடங்கியது. அங்கே துப்பாக்கி, கம்பளி, கெண்டி எல்லாவற்றுக்கும் விலை "இத்தனை பீவர் தோல்" என்றே பேசப்பட்டது. தோல்தான் காசு. இன்றைய கனடா நாட்டின் வரலாற்றில் பாதி இந்தத் தொப்பி ஆசையால் எழுதப்பட்டது என்றால் மிகையாகாது. மிளகுக்காக நம் பக்கம் கப்பல் வந்ததுபோல, தொப்பிக்காக அந்தப் பக்கம் கப்பல் போனது.

பீவர் தோல் விலை ஏறியது. முயல் ரோமம் மலிவு. ஆனால் முயல் ரோமம் இலேசில் பின்னிக்கொள்ளாது. இங்கேதான் பாதரசம் வருகிறது. பாதரசத்தை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து முயல் தோலின் மேல் தடவிக் காயவைத்தால் ரோமம் சொரசொரப்பாகி நன்றாகப் பின்னிக்கொள்ளும். நுனி செம்மஞ்சளாக மாறும். அதனால் அந்த வேலைக்கு ஆங்கிலத்தில் காரட் கிழங்கின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

பிறகு நடக்கும் வேலைகளைச் சொல்கிறேன், மாணவர்கள் கவனியுங்கள். ரோமத்தை வெட்டி எடுத்து, கூரையில் கட்டித் தொங்கவிட்ட நீண்ட வில்லின் நாணைச் சுண்டிச் சுண்டி அதைப் பஞ்சாகப் பறக்கவிடுவார்கள். நம் ஊரில் மெத்தைக்குப் பஞ்சு கொட்டுகிறவர் தோளில் வில்லை மாட்டிக்கொண்டு டொய்ங், டொய்ங் என்று வருவாரே, அதே முறைதான். பரவிய பஞ்சைக் கூம்பு வடிவமாக்குவார்கள். கொதிக்கும் அண்டாவைச் சுற்றி ஆறேழு பேர் நின்று, அமிலம் கலந்த வெந்நீரில் தோய்த்துத் தோய்த்துக் கையால் உருட்டுவார்கள். கூம்பு பாதியாய்ச் சுருங்கும். பின்பு மர அச்சில் மாட்டி, ஆவி காட்டி, வடிவம் கொடுத்து, விறைப்பாக நிற்க அரக்குப் பூசுவார்கள். அந்த அரக்கு பெரும்பாலும் இந்தியக் காடுகளிலிருந்து போனது.

நடுங்கிய கைகள்

தோலில் தடவிய பாதரசம் எங்கே போகும்? சூடு பட்டால் ஆவியாகும். ஆவிக்கு நிறமில்லை, வாசனையும் இல்லை. குளிர் நாட்டில் சன்னலைச் சாத்திக்கொண்டு வேலை செய்த தொழிலாளி நாள் முழுவதும் அதை மூச்சில் இழுத்தான்.

முதலில் வாயில் எச்சில் ஊறும், ஈறு புண்ணாகும், பல் ஆடும். பிறகு கை நடுங்கத் தொடங்கும். சட்டைப் பொத்தானைப் போட முடியாது. தேநீர்க் கோப்பையைச் சிந்தாமல் தூக்க முடியாது. தன் பெயரைக் கையெழுத்துப் போட முடியாது. அதோடு மனமும் மாறும். கூச்சம், பயம், காரணமில்லாத கோபம் வரும். கலகலப்பாக இருந்த மனிதன் ஆள்களைக் கண்டால் ஒதுங்குவான். ஊர் என்ன சொல்லிற்று? "குடிகாரன், அதான் கை நடுங்குது" என்றது. "தொப்பிக்காரனைப் போலப் பைத்தியம்" என்று ஆங்கிலத்தில் ஒரு பழமொழியே இருக்கிறது. 1865ல் லூயிஸ் கரோல் எழுதிய ஆலிஸ் கதையில் ஒரு விசித்திரத் தொப்பிக்காரர் வருவார்; ஆனால் அந்தப் பழமொழி அதற்கு முன்பே வழக்கில் இருந்தது. அந்தக் கதையைப் படித்து உலகம் சிரித்தது. நிஜத் தொப்பிக்காரன் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து டான்பரி என்னும் ஊர் இந்தத் தொழிலுக்குப் பேர்போனது. தொப்பி நகரம் என்றே அதற்குப் பெயர். அங்கே இந்த நடுக்கத்தை "டான்பரி நடுக்கம்" என்றார்கள். ஊர்ப் பெயரையே நோய்க்கு வைத்துவிட்டார்கள் என்றால் எத்தனை வீட்டில் அது இருந்திருக்கும்!

யாருக்கும் தெரியாமலா நடந்தது? அதுதான் இல்லை. 1860லேயே நியூ ஜெர்சி மாநிலத்தில் அடிசன் ஃப்ரீமன் என்ற மருத்துவர், தொப்பித் தொழிலாளரின் நோய்க்குப் பாதரசமே காரணம் என்று எழுதி அச்சிட்டுவிட்டார். பிரிட்டனில் 1899ல் பாதரச நோய் கண்டால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதி வந்தது. 1919ல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் ஆசிரியராகப் போன டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் ஆலைகளுக்கும் தொழிலாளர் வீடுகளுக்கும் நேரே போய் விசாரிப்பவர். 1920களில் தொப்பித் தொழிலாளர் நோயைப் பற்றியும் எழுதினார். பாதரசம் இல்லாமல் ரோமத்தைப் பதப்படுத்தும் முறைகளும் தெரிந்தே இருந்தன. ஆனால் பழைய முறைதான் நடந்தது.

எப்போது நின்றது? 1941 டிசம்பர் 1ல். அரசாங்கச் சுகாதாரத் துறை ஆலைகளில் சோதனை நடத்தி நோயை நிரூபித்திருந்தது உண்மை. ஆனால் இன்னொரு காரணமும் இருந்தது. யுத்தம் நெருங்கியது, வெடிகுண்டுகளை வெடிக்கச் செய்யும் மருந்துக்குப் பாதரசம் தேவைப்பட்டது. அதற்கு அடுத்த வாரமே, டிசம்பர் 8ல், நம் கோத்தா பாருவில் ஜப்பானியப் படை இறங்கியது. ஒரு மருத்துவர் எழுதி 81 ஆண்டுகளாகத் தொழிலாளியின் கை நடுக்கத்துக்காக நிற்காதது, யுத்தம் கேட்டபோது நின்றது. இதைப் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை, பெற்றோர்களே.

டான்பரி வழியாக ஸ்டில் என்னும் ஆறு ஓடுகிறது. ஆலைகள் போய்விட்டன. ஆனால் அவை விட்ட பாதரசம் அந்த ஆற்றின் அடிமண்ணில் இன்னும் இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். தொப்பி கிழிந்து மண்ணாய்ப் போயிருக்கும், விஷம் போகவில்லை.

வீட்டை இழந்தவர்களும் ஒரு மணி நேரக் கூலியும்

டான்பரித் தொழிலாளருக்கு இன்னொரு சோதனையும் வந்தது. அங்கே லோவ் என்பவரின் தொப்பி ஆலை தொழிற்சங்கத்தை ஏற்க மறுத்தது. 1902ல் வேலைநிறுத்தம் நடந்தது. அந்த ஆலைத் தொப்பியை வாங்காதீர்கள் என்று நாடெங்கும் சங்கம் பிரசாரம் செய்தது. முதலாளி வழக்குப் போட்டார், சங்கத்தின் மேல் மட்டுமல்ல, இருநூற்றுக்கும் மேற்பட்ட சாதாரணத் தொழிலாளர்களின் பெயரிலும்! அவர்களுடைய வீடும் வங்கிச் சேமிப்பும் முடக்கப்பட்டன. 1908லும் 1915லும் அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் தொழிலாளருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. நட்ட ஈடு செலவோடு சேர்த்து இரண்டரை இலட்சம் டாலருக்கு மேல்.

கை நடுங்க நடுங்க உழைத்துக் கட்டிய வீடு ஏலத்துக்கு வரும் நிலை. அப்போது என்ன நடந்தது தெரியுமா? 1916 ஜனவரி 27ஆம் நாளைத் தொப்பித் தொழிலாளர் நாள் என்று வைத்து, நாடெங்கும் உள்ள சங்கத் தொழிலாளர்கள் தங்கள் ஒரு மணி நேரக் கூலியை அவர்களுக்குக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். சுரங்கத்தில் இருந்தவனும் தச்சு வேலை செய்தவனும் முன்பின் பார்த்திராத தொப்பிக்காரனுக்காகக் கொடுத்தார்கள். 1917ல் ஏறக்குறைய 2,34,000 டாலருக்கு வழக்கு முடிந்தது. அதில் பெரும் பகுதி இப்படிச் சேர்ந்த நன்கொடை. இடையில் 1914ல், மனித உழைப்பு என்பது விற்று வாங்கும் சரக்கு அல்ல என்ற வாசகத்தை அமெரிக்கச் சட்டத்தில் சேர்த்தார்கள். அந்த வாசகம் வந்த பிறகும் முழு உரிமை வர 1930கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சட்டத்தில் எழுதினால் மட்டும் போதாது, பின்னால் நிற்க ஆள் வேண்டும் என்பதற்கு இது ஒரு பாடம்.

நம் கதையும் இதில் இருக்கிறது

"அமெரிக்காக்காரன் கதை நமக்கு எதுக்கு?" என்று ஒரு பெரியவர் கேட்கலாம். ஐயா, சற்றுப் பொறுங்கள்.

தமிழ்நாட்டுக் கொடைக்கானலில் ஒரு வெப்பமானி ஆலை இருந்தது. 1980களில் நியூயார்க் மாநிலத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட ஆலை அது. உள்ளே பாதரசம். கழிவு பழைய சாமான் கடைக்கும் பக்கத்துக் காட்டுக்கும் போனது வெளியே தெரிந்து, 2001ல் ஆலை மூடப்பட்டது. அங்கே வேலை செய்த 591 பேருக்கு 2016ல்தான் கம்பெனியோடு உடன்படிக்கை முடிந்து உதவித்தொகை கிடைத்தது. அவர்கள் நம் மொழி பேசுகிறவர்கள், நம் உறவு. ஜப்பானில் மினமாட்டா என்னும் கடற்கரை ஊரில் பாதரசம் கலந்த மீனைத் தின்று மக்கள் முடமானது 1956ல் உலகுக்குத் தெரிந்தது. அந்த ஊரின் பெயரிலேயே பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கை 2013ல் நிறைவேறி, 2017ல் நடப்புக்கு வந்தது.

இன்னும் கிட்டே வருவோம். ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. முதுகில் மருந்து டின்னைச் சுமந்து களைக்கொல்லி அடித்தவர்கள் யார்? பெரும்பாலும் நம் தாய்மார்கள். கையுறை இல்லாமல், வெறும் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு, மருந்து பட்ட கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சோறு தின்றவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் அம்மாவின் நகங்கள் கறுத்து உதிர்ந்ததை, "வயசாச்சுப்பா, வேற என்ன" என்று அவரே சொல்லக் கேட்டிருக்கிறேன். நாங்களும் நம்பினோம். டான்பரியில் குடி என்றார்கள். எங்கள் லயத்தில் வயசு என்றோம். பராகுவாட் என்னும் களைக்கொல்லியை நம் நாட்டில் 2002ல் தடை செய்வதாக அறிவித்தார்கள். 2006ல் அந்தத் தடையைத் தளர்த்தினார்கள். முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1ல்.

ஆகவே பெற்றோர்களே, டான்பரிக்காரனின் அறியாமை வேறு, நம் அறியாமை வேறு அல்ல. ஆனால் இன்று நம் கையில் சில உரிமைகள் உண்டு. தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் 1954லேயே அமைந்தது. 1969ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நாம் சொக்சோ என்று சொல்கிறோமே, அது வேலையில் அடிபட்டால் மட்டுமல்ல, வேலையால் நோய் வந்தாலும் உதவ வேண்டியது. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022ல் திருத்தப்பட்டு 2024 ஜூன் முதல் நடப்பில் இருக்கிறது. உடனடி ஆபத்து என்று நியாயமாகக் கருதினால், முதலாளி அதை நீக்காதபோது, தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளலாம் என்று அதில் இருக்கிறது. மருந்து டின்னின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். கையுறை கேளுங்கள். டாக்டரிடம் போனால் என்ன வேலை செய்கிறோம் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம் நியாயமானதுதான். அதனால்தான் தனியாகக் கேட்காமல் சேர்ந்து கேட்க வேண்டும்.

மறுபடியும் கைத்தொழில்

தொப்பியை மனிதர்கள் வெறுத்துவிட்டார்களா என்றால் இல்லை. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு மேல்நாட்டு ஆண்கள் தொப்பி போடுவதைக் குறைத்துக்கொண்டார்கள்; பெரிய ஆலைகள் ஒவ்வொன்றாய் மூடின. ஆனால் கையால் ஃபெல்ட் செய்யும் பழைய முறைக்கு மறுபிறவி கிடைத்தது. வட இங்கிலாந்தில் கெண்டல் என்னும் ஊரின் கலைக்கூடத் தலைவியாக இருந்த மேரி பர்க்கட் என்ற அம்மையார், துருக்கி, ஈரான் நாடுகளில் கிராமத்து ஃபெல்ட் தொழிலைப் பார்த்து மயங்கி, 1979ல் அதைப் பற்றி ஒரு கண்காட்சியும் புத்தகமும் கொண்டுவந்தார். 1984ல் ஃபெல்ட் கலைஞர்களுக்கென்று ஒரு சர்வதேசச் சங்கமே தோன்றியது. இன்று பல நாடுகளிலும், பெரும்பாலும் பெண்கள், வீட்டுச் சமையலறை மேசையிலேயே ஃபெல்ட் தொப்பி செய்கிறார்கள், ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுக்கிறார்கள். அவர்கள் செய்யும் முறையில் பாதரசமும் இல்லை, அமிலமும் இல்லை. மங்கோலியத் தாய்மார் செய்ததுபோல ரோமம், வெந்நீர், சோப்பு, இரண்டு கை.

நம் பிள்ளைகளும் செய்து பார்க்கலாம். கைவினைச் சாமான் கடைகளில் சாயம் போட்ட ஆட்டு ரோமம் கிடைக்கிறது. தலை அளவைவிட நன்றாகப் பெரிதாக, மணி வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளை வெட்டிக்கொள்ளுங்கள்; ஃபெல்ட் சுமார் மூன்றில் ஒரு பங்கு சுருங்கும் என்பதை மறக்கக்கூடாது. தாளின் இரண்டு பக்கமும் ரோமத்தை மெல்லிசாகப் பரப்புங்கள்: ஒரு அடுக்கு நெடுக்கே, அடுத்த அடுக்கு குறுக்கே. ஓரங்களை மறுபக்கம் மடித்துவிடுங்கள். சோப்பு கரைத்த வெதுவெதுப்பான நீரைத் தெளித்து முதலில் மெதுவாக, பூனையைத் தடவுவதுபோலத் தடவுங்கள். அவசரப்பட்டால் ரோமம் திரைந்துவிடும். பிடித்துக்கொண்ட பிறகு ஒரு பாயில் சுருட்டி, நாலு பக்கமும் மாற்றி மாற்றி உருட்டுங்கள். அடியை வெட்டித் தாளை உருவிவிட்டு, தலை அளவு வரும்வரை கசக்கிச் சுருக்கி, அலசி, ஒரு சட்டியைக் கவிழ்த்து அதன்மேல் மாட்டிக் காயவையுங்கள். தொப்பி தயார். வெந்நீரைப் பெரியவர்கள் ஊற்ற வேண்டும், கையை அல்ல, கரண்டியை விட்டுக் கலக்க வேண்டும், சரியா?

ஒரு மணி நேரம் தேய்த்துப் பாருங்கள், தோள் வலிக்கும். வலிக்கும்போது அண்டாவைச் சுற்றி நின்ற அந்த டான்பரித் தொழிலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் செய்த தொப்பி ஊரார் தலையில் மினுமினுத்தது. அவன் கை மட்டும் தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடியாமல் ஆடியது.

மாணவச் செல்வங்களே! இன்று மேடையேறிப் பரிசு வாங்கப்போகிறீர்கள். பரிசை நீட்டும் பெரியவரின் கையைப் பார்ப்பீர்கள். பிறகு கீழே இறங்கி வந்து, உங்கள் அப்பா அம்மாவின் கையைப் பிடித்து ஒரு முறை பாருங்கள். அதில் காய்ப்பு இருக்கும், வெட்டுத் தழும்பு இருக்கும், மருந்து தின்ற நகம் இருக்கும். அந்தக் கை என்ன வேலை செய்தது, எப்படிச் செய்தது, எதனால் அப்படி ஆனது என்று கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். ராஜாக்கள் கதையை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இதை எழுத உங்களை விட்டால் வேறு யாரும் இல்லை.

பரிசு பெறும் பிள்ளைகளுக்கும், அடுத்த ஆண்டு பெறப்போகும் பிள்ளைகளுக்கும் என் வாழ்த்துகள்.